குலாபி இழுத்த கொட்டகை

1963-ஆம் வருஷம் மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, தாராவித் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த பம்பாய் குதிரை ஜீவரட்சணை சபையின் கொட்டகை, தகரக் கூரை, தூண்கள், தண்ணீர்த் தொட்டி, பெயர்ப்பலகை, உள்ளே கட்டியிருந்த ஏழு குதிரைகள் சகிதம், மாட்டுங்காவைப் பார்த்து ஒரு குடிசை நீளம் நகர்ந்துவிட்டிருந்தது. அதே வாரத்தில் மண்ணெண்ணெய் விலையும் ஏறியிருந்ததால் ஜனங்கள் இரண்டையும் சேர்த்தே பேசினார்கள். மண்ணெண்ணெயைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொட்டகை நகர்ந்ததை முதலில் கண்டவள் பக்கத்துக் குடிசை மாடத்தி. காலையில் கதவைத் தள்ளினாள், திறக்கவில்லை. பின்பக்கத் தட்டியைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால் வாசலை அடைத்துக்கொண்டு சபையின் சுவர். சபையின் காரியதரிசி ஜெயினுலாப்தீனுடைய தோல் கிடங்குக்கு நேரே போய், வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்: “பாய், ஒங்க கொட்டாய் எங்க வாசல்ல வந்து நிக்கி. நான் என்ன கூரையப் பிச்சிக்கிட்டா வெளிய போவ?”

ஜெயினுலாப்தீன் முதலில் அவளைச் சந்தேகப்பட்டார். பிறகு அவள் புருஷனை. பிறகு, இடம் பிடிக்கிற கூட்டம் ஒன்று ஆள் வைத்துக் கொட்டகையைத் தள்ளிவிட்டதாக முடிவு கட்டி, தெருமுனை வரை போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். கோபம் வந்தால் அவருக்கு ஆள் தெரியாது. அன்று கிடங்குக்குப் போகாமல் கொட்டகை வாசலிலேயே நின்று காவல் காத்தார். யாரும் தள்ள வரவில்லை. உள்ளே, நடுத்தூணில் கட்டியிருந்த குலாபி என்கிற பழுப்புநிறப் பெட்டைக் குதிரை மட்டும், கழுத்தைத் தாழ்த்தி, நெஞ்சை முன்னால் கொடுத்து, பின்னால் ஒரு வண்டி பூட்டியிருப்பது போல நின்றுகொண்டிருந்தது. அது கால் எடுத்து வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் சாயங்காலம் டீ வருவதற்குள் தூண்கள் நட்டிருந்த குழிகள் எல்லாம் தூணுக்குப் பின்னால் வாய்க்காலாக நீண்டுவிட்டிருந்தன. குலாபிதான் இழுக்கிறது. இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு அவர் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தார்.

அந்தக் குதிரை அவரிடம் வந்த கதை ஊருக்கே தெரியும். ஜெயினுலாப்தீன் திருநெல்வேலிச் சீமை, கடையநல்லூர்க்காரர். தாராவியில் ஆட்டுத்தோல் வாங்கிப் பதனிட்டு விற்பவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சயான் ரோட்டில் ஒரு விக்டோரியா வண்டி, அதாவது பம்பாயில் ஆள் ஏற்றுகிற குதிரை வண்டி, சவாரியோடு போய்க்கொண்டிருக்கும்போதே குதிரை விழுந்துவிட்டது. வண்டிக்காரன் சாட்டையால் அடித்துப் பார்த்தான், வாலை முறுக்கிப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை என்றதும் எதிரே இருந்த இவருடைய தோல் கிடங்கில் நுழைந்து, இந்தத் தோலுக்கு என்ன கொடுப்பாய் என்று கேட்டான். குதிரை கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெயினுலாப்தீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உசுரோட இருக்கிறதுக்குத் தோல் விலை கேட்கிறாயே, நீ மனுசன்தானா என்று அடிக்கப் போய், அடித்தும்விட்டு, குதிரையை முழுசாக வாங்கிவிட்டார். தோல் ஏற்றுகிற கைவண்டியில் போட்டு எட்டுப் பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்த பூதத்தானை அதற்கென்றே நிறுத்தினார். கழுத்துப்பட்டை அறுத்த புண்ணில் புழு இருந்தது. முன்னங்கால் குளம்பு இரண்டும் அழுகியிருந்தன. வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டு, தவிட்டுக் கஞ்சி ஊட்டி, மழை முடிவதற்குள் தேற்றிவிட்டார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை வந்தன. ரேஸில் கால் முறிந்தது, கல்யாண மாப்பிள்ளைகளைச் சுமந்து சுமந்து முதுகு வளைந்தது, இரண்டு கண்ணும் போனது.

நல்லது செய்தால் பேர் வரும் என்று யார் சொன்னது? தோல்காரன் குதிரை வளர்க்கிறான் என்றால் எதற்காக இருக்கும் என்று தாராவி முழுக்கக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பேசினார்கள். ஒரு கிழட்டுக் குதிரை செத்தபோது அவர் அதைத் தோலோடு புதைத்தார். சாட்சிக்கு நாலு பேரைக் கூப்பிட்டு நிறுத்தித்தான் புதைத்தார். சாட்சிகளே மறுநாள் டீக்கடையில், அப்புறம் தோண்டி எடுத்திருப்பார் என்றார்கள். இந்தப் பேச்சு அவரை அரித்தது. அதற்காகவே சபை என்று ஒன்றைப் பதிவுசெய்து, மாட்டுங்காவில் ரயில்வே ஆபீஸ் உத்தியோகத்திலிருந்து ரிடையரான பஞ்சாபகேசனை, எல்லோருக்கும் அவர் பஞ்சு சார், தலைவராகப் போட்டார். ஆளுயரத்துக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதி வைத்தார். தமிழ், மராத்தி, இங்கிலீஷ் மூன்றிலும், ‘வேலை செய்து களைத்த குதிரைகளுக்கு இங்கே ஓய்வு’ என்று இருக்கும். கீழே அவர் பெயர்.

மற்ற குதிரைகளெல்லாம் வந்த ஒரு மாதத்துக்குள் புரிந்துகொண்டன. கண் தெரியாதது உட்பட எல்லாம் மண்ணில் படுத்துப் புரண்டு, நாலு காலையும் மேலே தூக்கி, வெட்கமில்லாமல் தூங்கின. குலாபி மட்டும் படுக்கவில்லை. பரேலிலிருந்து வருகிற மிருக டாக்டர், பொறுமையான மராட்டியர், நின்றபடி கண்ணசருவது வேறு, உண்மையான தூக்கம் வேறு, அதற்குக் குதிரை படுத்தே ஆக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். படுக்காத குதிரைக்குக் கால் வீங்கும், ஒருநாள் மடங்கும், மடங்கினால் முடிந்தது. அன்றிலிருந்து ஜெயினுலாப்தீனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். குலாபி ஒரு தடவை படுக்க வேண்டும். அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். தொழுகையில் பெண்டு பிள்ளைகளுக்குக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டார் என்று அவர் மனைவி நஜ்முன்னிசா பிற்காலத்தில் கொஞ்சம் கசப்போடுதான் சொன்னாள்.

படுக்காத குதிரை இப்போது இழுக்கவும் செய்கிறது என்றதும் அவர் மிகச் சாதாரணமான முடிவுக்கு வந்தார். கட்டுத்தறி கெட்டியாக இல்லை. எனவே தூண்களுக்குச் சிமெண்ட் போட்டார். கொட்டகை முன்னைவிட வேகமாகப் போயிற்று. குர்லாப் பட்டறை ஒன்றில் சொல்லி, கப்பலுக்குப் போடுவது போன்ற இரும்பு நங்கூரங்கள் அடித்து வந்து நாலு மூலையிலும் புதைத்தார். நங்கூரங்கள் மண்ணை உழுதுகொண்டு கூடவே வந்தன, அந்த உழவில் மாடத்தி கீரை விதைத்தாள். கயிற்றை அவிழ்த்துக் குதிரையை வெளியே விட்டுப் பார்த்தார். குலாபி வெளியே நின்று நெஞ்சைக் கொடுத்தது, கொட்டகை பின்னால் வந்தது. கூரைமேல் கருங்கல் ஏற்றினார். அன்றைக்கு ஒரே பகலில் மூன்று சந்துகளைத் தாண்டியது. காலம் முழுக்கச் சவாரி ஏற்றின குதிரைக்குக் கனம் கூடினால் என்ன அர்த்தம்? இன்னொரு ஆள் ஏறிவிட்டான், கிளம்பு என்று அர்த்தம். இது அவருக்கு அப்போது தோன்றவில்லை. சபையில் இருந்த படித்தவர் படிக்காதவர் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து அந்த ஜீவனை நிறுத்துவதற்காக அதன்மேல் கல்லும் இரும்பும் ஏற்றிக்கொண்டே போனார்கள்.

நகராட்சிக்காரர்கள் படுத்திய பாடு தனி. கொட்டகைக்கு அனுமதி வாங்கியது தோல் கிடங்குப் பின்பக்கத்துக்கு. அது இப்போது அங்கே இல்லை. நிற்கிற இடத்துக்கு அனுமதி கேட்டால், எழுதிக் கொடு, வந்து பார்க்கிறோம் என்றார்கள். வந்து பார்க்கிறபோது கொட்டகை அந்த இடத்திலும் இல்லை. இல்லாத கொட்டகைக்கு அனுமதி கேட்டது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். ஜெயினுலாப்தீன் தோல் வியாபாரத்தைத் தம்பி மகன் அபுதாஹிரிடம் விட்டுவிட்டு வார்டு ஆபீஸ் பெஞ்சில் நாள் கணக்கில் உட்கார்ந்தார். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர்தான். “ஆப் உஸ்கோ ஏக் ஜகா கடா கர்கே ஆயியே” என்று, ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று, ஒவ்வொரு தடவையும் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். அதற்குத்தானே ஐயா இவ்வளவு பாடும் என்று இவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்புவார்.

பஞ்சு சாருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கொட்டகை மாட்டுங்காப் பக்கமாக வருகிறது என்றால் பெரிய மனிதர்கள் வந்து பார்க்க வசதி. “ஏன் இப்படிப் பதர்றேள் ஜெயினுலாப்தீன்? அதுவா நம்ம பக்கம் வரது. வரட்டுமே! நாம லாரி வெச்சா கொண்டுவர முடியும்?” என்றார். அந்தச் சந்தோஷத்தில் நன்கொடையாளர்கள் பெயரை வெட்டிய பளிங்குக்கல் ஒன்றை வாசலில் பதித்து, ஒரு மில் முதலாளியைக் கூட்டி வந்து திறக்கவும் வைத்தார். கல்லின் கனத்துக்குக் கொட்டகை விழா முடிவதற்குள்ளேயே கிளம்பிவிட்டது. சாமியானாவும் நாற்காலிகளும் பின்தங்கிவிட, மில் முதலாளி பேச்சைப் பாதியில் விட்டு, மாலையோடு கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து முடித்தார்.

தாராவி ஜனங்கள் அவரைவிடக் கெட்டிக்காரர்கள். எப்படியும் போகிற கொட்டகைதானே என்று மாட்டுங்காப் பக்கம் போக வேண்டிய அரிசி மூட்டை, பானை, கட்டில், பழைய இரும்பு எல்லாவற்றையும் அதில் சாத்தி வைத்தார்கள். ஒரு குடும்பம் தன் குடிசையையே கயிறு போட்டுப் பின்னால் கட்டி, வாடகை குறைவான இடம் வந்ததும் அவிழ்த்துக்கொண்டது. 65-இல் பாகிஸ்தானோடு சண்டை வந்து விளக்கெல்லாம் அணைத்துவிட்ட நாட்களில், திசை தெரியாதவர்கள் அதன் சுவரைத் தொட்டுக்கொண்டே மாட்டுங்கா போனார்கள். ஒருநாள் ஜெயினுலாப்தீன் வந்து பார்த்தால், பெயர்ப்பலகையில் ‘ஓய்வு’ என்று எழுதியிருந்த இடத்தில் ஆணி அடித்து, கரீம் பாட்சா கடையின் எண்ணெய் டின்கள் தொங்குகின்றன. அவர் கத்திய கத்தில் தெரு கூடிவிட்டது.

“வாயில்லாச் சீவனை வேலை வாங்காதீங்கன்னு போர்டு வச்சிருக்கேன்! அந்தப் போர்டுலயே சாமானைத் தொங்க விடுதீங்களே, நீங்கல்லாம் சோத்தைத்தான் திங்கிறீங்களா?”

டின்களை இறக்கினார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி மாட்டினார்கள். யாரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை, அதுதான் கொடுமை. விக்டோரியாவில் இருந்த காலத்தில் குலாபிக்கு ராத்திரியாவது வண்டியை அவிழ்த்திருப்பார்கள். ரட்சித்த பிறகு அதுவும் இல்லை.

67-ஆம் வருஷக் கோடையில் கொட்டகை தொழிலாளர் குடியிருப்பான லேபர் கேம்புக்கு அருகே இருந்த வெற்றிடத்தை அடைந்தபோது குலாபியின் நாலு கால்களும் உரல் போல வீங்கியிருந்தன. விலா எலும்பை எண்ணலாம். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த மழை முடிவதற்குள் படுக்கவில்லை என்றால் அடுத்த மழையைப் பார்க்காது என்றார். பிறகு ஜெயினுலாப்தீனின் தோளில் கையை வைத்தார். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். இரண்டையும் தெருவே பார்த்தது.

அந்த மழையின் முதல் காற்றில் கூரையிலிருந்து நாலைந்து தகரங்கள் பறந்துபோயின. பிடிக்க ஓடிய பூதத்தானை ஜெயினுலாப்தீன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். குலாபியின் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. கொட்டகையும் அன்று முழுக்க முன்னைவிட மெதுவாகத்தான் போயிற்று. அவர் மழையில் நனைந்தபடி நின்று அதையே பார்த்தார். இத்தனை வருஷமாகத் தான் செய்தது என்னவென்று அப்போது புரிந்தது. ‘யா அல்லா, நான்லா பாரத்தை ஏத்துனேன்’ என்று சொல்லிவிட்டு, அங்கேயே சகதியில் உட்கார்ந்து அழுதார். பூதத்தானும் கூட உட்கார்ந்துகொண்டான், வேறென்ன செய்ய?

மறுநாள் கருங்கற்களை இறக்கினார். நங்கூரங்களைக் குர்லாவுக்கே திருப்பி அனுப்பினார். மீதித் தகரங்களைக் கழற்றினார். பளிங்குக்கல்லைப் பெயர்க்கும்போது பஞ்சு சார் குடையோடு ஓடிவந்து, கட்டடம் இல்லாமல் சபை ஏது, பெரியவர்கள் பெயரைப் பெயர்த்துப் போடுவது என்ன நியாயம் என்று கேட்டு, கடப்பாரை நிற்காததால் அங்கேயே ராஜினாமா செய்தார். கல்லைத் தன்னுடன் எடுத்துக்கொண்டும் போனார். மற்றக் குதிரைகளைச் செம்பூரில் மாட்டுத் தொழுவம் வைத்திருந்த ஒருவர் தம் புல்வெளிக்கு அழைத்துப் போனார், அவை அங்கேயும் வெட்கமில்லாமல் புரண்டன. தொட்டி போயிற்று, தட்டிகள் போயின, தூண்கள் போயின. ஒவ்வொன்று போகும்போதும் குலாபியின் கழுத்து ஒரு விரல்கடை உயர்ந்தது. கடைசியில் நின்றது பெயர்ப்பலகை. அதை மட்டும் ஒரு வாரம் தொடாமல் இருந்தார். அதுவும் போய்விட்டால் தான் யார்? குதிரைத் தோலுக்குக் காத்திருந்து, முடியாமல் கடையைக் கட்டின தோல்காரன். அப்படித்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, யாரையும் கூப்பிடாமல் அவரே கடப்பாரை போட்டு அதைச் சாய்த்தார். அப்படித்தான் சொன்னார்கள்.

இப்போது வெற்றிடத்தில் குதிரையைத் தவிர ஒன்றும் இல்லை. கயிறுகூட இல்லை. பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்துகொண்டார். இன்று படுக்கும், இதோ படுக்கும் என்று கண் கொட்டாமல் பார்த்தார். வெயிலும் மழையும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. குலாபியோ கழுத்தை முழுக்க நிமிர்த்தவும் இல்லை, படுக்கவும் இல்லை. நெஞ்சை லேசாக முன்னால் கொடுத்தே நின்றது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேனே, இன்னும் எதைத்தான் இழுக்கிறாய் என்று அதனிடமே சண்டை போட்டார். படு என்று கெஞ்சினார், படுத்துத் தொலை என்று திட்டினார். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், பார்ப்பவர்கள் இரண்டு பேரில் ரட்சிக்கப்பட்டது எது என்று கேட்கிற நிலைக்கு வந்தார்.

ஒருநாள் மத்தியானம் நஜ்முன்னிசா தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்தாள். முந்தின நாள் அவரைப் பார்த்த இடத்தில் அவர் இல்லை. தள்ளி இருந்தார், குதிரையும் தள்ளி நின்றது. அவள் ஈரமண்ணைக் குனிந்து பார்த்தாள். முக்காலியின் மூன்று கால்களும் மூன்று கோடுகள் கிழித்துக்கொண்டு வந்திருந்தன. அவர் அதன்மேல் உட்கார்ந்து குதிரையைப் பார்த்தபடியே ஊர்ந்துகொண்டிருந்தார், அவருக்கே தெரியாமல். அவள் தூக்குச் சட்டியை மண்ணில் வைத்தாள்.

“ஏங்க, நீங்களும் சவாரிதானே போறீங்க? எறங்குங்க.”

அவர் அவளைப் பார்த்தார், கோடுகளைப் பார்த்தார். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனார். “பேசாம எறங்குங்க. அது படுக்கணுமா, இல்ல நீங்க பார்க்கணுமா?” என்றாள் நஜ்முன்னிசா. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் அந்தக் குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் இறங்கினார். முக்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். நடந்தவரின் முதுகு குலுங்கியதைப் பார்த்ததாக எதிரே வந்தவர்கள் சொன்னார்கள்.

அவர் குளித்துச் சாப்பிட்டு எழுவதற்குள் பூதத்தான் தெருவெல்லாம் கூவிக்கொண்டு ஓடி வந்தான். “மொதலாளி, படுத்துட்டு! காலை நீட்டிப் படுத்துட்டு! கொறட்டை விடுது மொதலாளி!” அவர் செருப்பு மாட்டாமல் ஓடினார். வெற்றிடத்தின் ஓரத்துக்கு அவர் வருவதும், குலாபி கண் விழித்து, முன்னங்காலை ஊன்றி, எழுந்து நெஞ்சைக் கொடுத்து நிற்பதும் சரியாக இருந்தது. அங்கே படுத்த அடையாளமாக மண்ணில் ஒரு பள்ளமும், அதில் உடம்புச் சூடும் மட்டும் இருந்தன. மறுநாள் தூரத்திலிருந்து, ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்து பார்க்க முயன்றார், எழுந்துவிட்டது. கேம்ப் மாடி ஒன்றில் ஏறி ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார், கண்ணை இடுக்கில் வைப்பதற்கு முன்பே எழுந்துவிட்டது. மாடத்தி பார்த்தாள். டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். எண்ணெய் டின் மாட்டிய கரீம் பாட்சா பார்த்தார். வார்டு ஆபீஸ் குமாஸ்தா ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து பார்த்தார். பஞ்சு சார்கூட ஒருநாள் குடையை மடக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பம்பாயில் பார்க்காத ஒரே ஆள் ஜெயினுலாப்தீன்தான். இது அநியாயம் என்று அவருக்குக் கொஞ்ச காலம் தாங்க முடியாத கோபம் இருந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கால் வீக்கம் வடிந்தது. அடுத்த மழையும் வந்தது, குலாபி அதில் நனைந்து புல் தின்றது. கட்டடம் இல்லாததால் நகராட்சி ஒன்றும் கேட்கவில்லை, வதைபட்ட வேறு குதிரைகளையும் ஜனங்கள் அங்கேயே கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். பூதத்தான் கவனித்துக்கொண்டான், தவிடும் மருந்தும் ஜெயினுலாப்தீனிடமிருந்து வந்தன. மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு அவர் போகிற வழி அந்த வெற்றிடத்தின் ஓரமாகத்தான். அவர் தலை தெருவில் தெரிந்ததும் யாராவது ஒரு பெண்பிள்ளை வாசலிலிருந்து கையைக் காட்டி, “பாய், படுத்திருக்கு” என்பாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி, சயான் ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டு போவார்.